வாசகர் வட்டத்தில் சாவைப் பற்றிப் பேச ஒரு கூட்டம்: எப்படி நடத்துவது?

உறையூர்க்காரன் கேட்டது:

எங்கள் கிளை நூலக வாசகர் வட்டம் மாதம் ஒரு முறை கூடும். அடுத்த மாதம் புத்தகம் எதுவும் வேண்டாம், சாவைப் பற்றி மனம்விட்டுப் பேசுவோம் என்று முடிவாகியிருக்கிறது. வெளிநாடுகளில் 'டெத் கஃபே' என்ற பெயரில் நடக்கிறதே, அந்த மாதிரி. பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

இருபது பேர் வரலாம். பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். மீதியில் இல்லத்தரசிகளும், போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற பிள்ளைகளும். அந்தப் பெயரையே வைக்கலாமா, வைத்தால் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? ஒரு டாக்டரையோ வக்கீலையோ அழைத்து முதல் அரை மணி நேரம் பேசச் சொன்னால் நன்றாக இருக்குமா? எவ்வளவு நேரம், என்ன சாப்பிடக் கொடுப்பது? யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வது? 'விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது' என்று பெரியவர்கள் எழுந்து போய்விட்டால்?

நடத்தியவர்களும் சொல்லுங்கள், நடத்திக் கெடுத்தவர்களும் சொல்லுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை போதும்.

---

சுக்குக்காப்பி எழுதியது:

பெயரிலிருந்து வருகிறேன். 2004-ல் சுவிட்சர்லாந்தின் நூஷாடெல் ஊரில் பெர்னார் கிரெட்டாஸ் என்ற சமூகவியலாளர் 'கஃபே மோர்ட்டெல்' என்ற பெயரில் ஆட்களைக் கூட்டிச் சாவைப் பேச வைத்தார். அதைப் பற்றி அறிந்த ஜான் அண்டர்வுட், லண்டனில் 2011 செப்டம்பரில் தன் வீட்டிலேயே முதல் டெத் கஃபேயை நடத்தினார். உரையாடலைக் கொண்டுபோனவர் உளசிகிச்சையாளரான அவருடைய அம்மா சூ பார்ஸ்கி ரீட். அடுத்த ஆண்டு இருவரும் நடத்தும் முறையை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அண்டர்வுட் 2017-ல் 44 வயதில் இறந்துபோனார். அம்மாவும் சகோதரியும் அதைத் தொடர்ந்து கொண்டுபோகிறார்கள்.

கட்டணம் கிடையாது. ஆனால் அந்தப் பெயரை வைத்தால் அந்த விதிகளையும் ஏற்க வேண்டும். லாபத்துக்காக நடத்தக் கூடாது. யாரும் வரலாம், மரியாதையோடு நடத்தப்படுவார்கள், யார் என்ன பேசினார் என்பது வெளியே போகாது. வந்தவர்களை எந்த முடிவை நோக்கியும், எந்தப் பொருளை வாங்கவும், எந்தச் செயலைச் செய்யவும் தள்ளக் கூடாது. குடிக்கவும் சாப்பிடவும் நல்லதாக ஏதாவது இருக்க வேண்டும். கேக் இருந்தால் விசேஷம்.

மூன்றாவது விதியிலேயே உங்கள் டாக்டர் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பேச்சாளர் கூடாது. நம் ஊரில் இது இன்னும் முக்கியம். டாக்டர் அரை மணி நேரம் பேசினால் மீதி ஒன்றரை மணி நேரம் ஓ.பி. நடக்கும். 'என் மச்சானுக்கு வாரம் மூணு டயாலிசிஸ், இன்னும் எத்தனை நாள் தாங்கும் சார்?' என்று வரிசை கட்டுவார்கள். வக்கீலை அழைத்தால் பாகப்பிரிவினை. சாமியாரை அழைத்தால் மறுபிறவி. வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள், மேடையைப் பார்த்தே பேசுவார்கள்.

ஆகவே மேடை, மைக், குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை எதுவும் வேண்டாம். குறிப்பாக வட்டத்தின் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 'நாலு வார்த்தை' என்று தொடங்கி நிலையாமை அதிகாரத்தில் இறங்கினார் என்றால் அன்றைக்கு நடப்பது பட்டிமன்றம்தான்.

ஆள் கணக்கு: இருபது பேர் என்றால் ஐந்து பேர் கொண்ட நான்கு வட்டம். ஆறுக்கு மேல் போகாதீர்கள். ஏழாவது ஆள் உட்கார்ந்ததும் அது இரண்டு பேர் பேசி ஐந்து பேர் கேட்கிற கூட்டமாகிவிடும். ஒவ்வொரு வட்டத்துக்கும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். உங்களுக்கு இரண்டு பேர்தான் கிடைத்தார்கள் என்றால் பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை சின்னதாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

கணவன் மனைவியை ஒரே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். ஒருவர் மற்றவருக்காகவும் சேர்த்துப் பதில் சொல்வார். அப்பாவும் மகனும் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான், அங்கே வீடு யாருக்கு என்ற பேச்சு பத்தாவது நிமிடத்தில் வந்து நிற்கும். வாசலில் சீட்டுக் குலுக்கி எண் கொடுத்துவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேரம் இரண்டு மணி. அதற்கு மேல் வேண்டாம். முதல் 15 நிமிடம் டீயும் வந்து உட்காருவதும். அடுத்த 10 நிமிடம் நீங்கள் எழுந்து நின்று நாலு விஷயம் சொல்லுங்கள்: கேட்ட விஷயத்தை வெளியே எடுத்துப் போகலாம், யார் சொன்னது என்பதை எடுத்துப் போகக் கூடாது. ஆஸ்பத்திரி, டாக்டர், உறவினர் பெயர் சொல்லாமல் பேசலாம். கேட்காமல் யாருக்கும் அறிவுரை கூடாது. பேசாமல் உட்கார்ந்திருக்கவும் உரிமை உண்டு. போன்களை அணைத்துப் பையில் போடச் சொல்லுங்கள். மேஜைமேல் கவிழ்த்து வைத்தால் போதாது, பதிவு ஓடுகிறதோ என்ற சந்தேகம் ஒருவருக்கு வந்தாலே வாய் மூடிவிடும். குரூப் போட்டோவும் கிடையாது.

பிறகு 40 நிமிடம் ஒரு வட்டம், 5 நிமிடம் கால் நீட்டிக்கொள்ள, இன்னொரு 30 நிமிடம் ஆட்களை மாற்றி வேறு வட்டம். கடைசி 20 நிமிடம் எல்லோரும் ஒரே வட்டமாக. ஆட்களை மாற்றுவது தவறு என்று சிலர் சொல்வார்கள். பத்துப் பேர்தான் என்றால் மாற்ற வேண்டாம்.

பொழுது விஷயத்தில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுவிடுங்கள், அதில் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 ராகுகாலம், அதற்குப் பிறகு விளக்கு வைக்கும் நேரம். ஞாயிறு காலை 10-க்கு ஆரம்பித்து 12-க்கு முடித்துவிடுங்கள். 12-க்கு மேல் எமகண்டம். பொருத்தமான நேரம்தான், ஆனால் அந்த நகைச்சுவையை எல்லோரும் ரசிக்க மாட்டார்கள்.

---

எதிர்வீட்டு ஜன்னல் எழுதியது:

சுக்குக்காப்பி சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு, சாப்பாட்டில் மட்டும் இல்லை.

கேக்கும் டீயும் வைத்துக்கொண்டு சாவைப் பேசுவது லண்டனில் இறுக்கத்தைத் தளர்த்தலாம். நம் வீடுகளில் 'சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுக்காதே' என்றுதான் வளர்த்திருக்கிறார்கள். வாயில் பலகாரம் இருக்கும்போது ஒருவர் தன் மாமியாரின் கடைசி நாளைச் சொன்னால் பாதிப் பேர் தட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆகவே வந்ததும் குடிக்க மட்டும் கொடுங்கள். சாப்பிடுவது நடு இடைவேளையில், எழுந்து நின்று. சாப்பிடும் அந்த நேரத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசட்டும், கிரிக்கெட் என்றாலும் சரி.

என்ன கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எள்ளுருண்டை வேண்டவே வேண்டாம், திதி நினைவு வந்துவிடும். வடை பாயசம் சேர்ந்தால் பதினாறாம் நாள் சாப்பாடு மாதிரி ஆகிவிடும். சுண்டல் நல்லது: இருபது பேருக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை, முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். டீ ஆளுக்கு இரண்டு முறை, 100 மில்லி கணக்கில் நாலு லிட்டர். சர்க்கரையைத் தனியாக வையுங்கள், ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் என்கிறீர்கள். தண்ணீர் ஒவ்வொரு வட்டத்துக்கும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். செலவுக்கு வாசலில் ஓர் உண்டியல் போதும், டிக்கெட் வேண்டாம்.

பெயரையும் மாற்றுங்கள். 'டெத் கஃபே' என்று ஒட்டினால் பிள்ளைகள் ஏதோ பேய்ப் படம் போடுகிறார்கள் என்று வருவார்கள், பெரியவர்களுக்கு என்னவென்றே புரியாது. சாவு என்ற சொல் இருக்கட்டும், அதைப் பூசி மெழுக வேண்டாம். 'வாழ்வின் நிறைவு', 'இறுதிப் பயணம்' என்றெல்லாம் போட்டால் காப்பீட்டு முகவர்கள்தான் முதல் வரிசையில் உட்காருவார்கள். அதோடு முகவர்களுக்கு ஒரு விதி: வரலாம், பேசலாம், விசிட்டிங் கார்டு பையைவிட்டு வெளியே வரக் கூடாது. ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுபவருக்கும் இதே விதி.

---

இரவுப்பணி எழுதியது:

வலி தணிப்பு சிகிச்சைப் பக்கத்திலிருந்து சில விஷயம். முதலில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், இது துக்கம் ஆற்றும் கூட்டம் இல்லை. அண்டர்வுட்டின் வழிகாட்டியும் அதைத் திட்டமாகச் சொல்கிறது. அண்மையில் இழப்பு நேர்ந்தவர்களுக்கு வேறு மாதிரி உதவி வேண்டும்.

எப்படிப் பிரிப்பது? முன்பதிவு வையுங்கள், போனில் மட்டும். இரண்டே கேள்வி கேட்டால் போதும். 'கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் யாராவது தவறிட்டாங்களா?' 'வீட்டில் இப்போது யாராவது ரொம்ப முடியாமல் இருக்காங்களா?' ஆமாம் என்றால் வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கூட்டம் எப்படி நடக்கும் என்று விளக்குங்கள், மற்றவர்கள் சிரித்துக்கூடப் பேசுவார்கள் என்று சொல்லுங்கள், இப்போது வரலாமா இன்னும் கொஞ்ச நாள் கழித்தா என்று அவரையே முடிவு செய்யவிடுங்கள். பாதிப் பேர் தாங்களே தள்ளிப்போடுவார்கள். வருகிறவரைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள், எழுந்து போக யாரையும் தாண்ட வேண்டியிருக்கக் கூடாது.

அழுகை: அழுதால் அழட்டும். காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கட்டும், ஆனால் எடுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் 'துடைத்துக்கொள், போதும்' என்று அர்த்தமாகிறது. 'அழாதீங்க', 'அவர் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கார்', 'அழுதா ஆத்மா சாந்தியடையாது' என்று பக்கத்தில் இருப்பவர் ஆரம்பிப்பார். வட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் மெதுவாகக் கை காட்டி நிறுத்த வேண்டும். சொல்ல ஒரு வரி போதும்: 'அவசரம் இல்லை, நாங்க இருக்கோம்.' பிறகு அரை நிமிடம் அமைதி. நம்மால் தாங்க முடியாதது அந்த அரை நிமிடம்தான், அழுகிறவரால் முடியும். அவர் எழுந்து வெளியே போனால் ஒருவர் பின்னால் போக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், அன்றைக்கு அவருக்கு வட்டப் பொறுப்பு வேண்டாம்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். 'எப்போடா போய்ச் சேருவோம்னு இருக்கு' என்று வயதானவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள், அதில் பெரும்பாலும் சலிப்புதான் இருக்கும். ஆனால் எப்படி, எப்போது என்ற விவரத்தோடு ஒருவர் பேசினால், அல்லது ஒரு மாணவர் 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்றால், அதை வட்டத்தில் அலசக் கூடாது. இடைவேளையில் தனியே அழைத்து நேராகக் கேளுங்கள்: 'தற்கொலை எண்ணம் வருதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ரகசிய விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு, இதைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளை முதல் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள் வரட்டும். ஆனால் அவர்களை எல்லாம் ஒரே வட்டத்தில் போட்டுவிடாதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து வலி தணிப்புச் சேவை செய்யும் செவிலியர் யாராவது உங்கள் பகுதியில் இருப்பார். 2021-லிருந்து அந்தத் திட்டம் நடக்கிறது. அவரை அழையுங்கள். பேச அல்ல, மற்றவர்களைப் போல ஒரு நாற்காலியில் உட்கார. யாராவது கடைசி நாட்களில் மூச்சு ஏன் அப்படிக் கரகரக்கிறது என்று கேட்டால், தொண்டையில் சேரும் எச்சிலை விழுங்கவோ இருமவோ தெம்பு இல்லாததால் வரும் சத்தம், பக்கத்தில் இருப்பவர்களை வருத்தும் அளவுக்கு நோயாளியை அது வருத்துவதில்லை என்று இரண்டு வரியில் சொல்ல ஆள் வேண்டும். பல வருடம் மனதில் கிடந்த குற்ற உணர்ச்சி அந்த இரண்டு வரியில் கொஞ்சம் இறங்கும்.

---

உறையூர்க்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பேச்சாளர் யோசனையைக் கைவிட்டாயிற்று, தலைவரிடமும் பேசிவிட்டேன், கொஞ்சம் முகம் வாடிவிட்டது.

ஆனால் ஒன்று நிச்சயம் வரும். 'வென்டிலேட்டரில் போடாதே என்று எழுதி வைக்க முடியுமா? அது கருணைக்கொலை இல்லையா?' என்று கேட்பார்கள். அப்போது வட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் என்ன சொல்வது? தெரியாது என்றால் சரியாகுமா?

---

பழைய பேப்பர் எழுதியது:

எழுதி வைக்கலாம் சார். 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் யாரும் போவதில்லை.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

பழைய பேப்பர் ஐயா, அது பழைய செய்தி. 2018 மார்ச் 9-ம் தேதி, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பில் முதல் வகுப்பு ஜூடிஷியல் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்று இருந்தது உண்மை. நடைமுறையில் அது ஓடவில்லை. 2023 ஜனவரி 24-ல் அதே வழக்கில் விதிகளை எளிமையாக்கினார்கள். இப்போது நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றொப்பமிட்டால் போதும்.

எழுதுபவர் வயது வந்தவராக, தெளிந்த மனநிலையில், யாருடைய கட்டாயமும் இல்லாமல் எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள். எந்த நிலையில் எந்தச் சிகிச்சையை நிறுத்தலாம் அல்லது தொடங்காமல் விடலாம் என்று தெளிவாக இருக்க வேண்டும். 'மிஷினில் போடாதீர்கள்' என்று மொட்டையாக எழுதினால் சிக்கல். அறுவை சிகிச்சைக்காக ஆறு மணி நேரம் வென்டிலேட்டர் வைப்பதும் மிஷின்தான். தன்னால் முடிவெடுக்க முடியாத நிலையில் தனக்காகப் பேசுபவர் யார் என்று ஒருவரையோ அதற்கு மேலோ பெயர் குறிப்பிட வேண்டும். அவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் பிரதி கொடுக்க வேண்டும், உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் அதிகாரியிடமும் ஒரு பிரதி. எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

எழுதி வைத்த உடனே யாரும் குழாயைப் பிடுங்கிவிட முடியாது. குணமாக வாய்ப்பில்லாத நிலையில், நோயாளிக்குத் தானே முடிவெடுக்கும் திறன் இல்லாதபோதுதான் அது செயலுக்கு வரும். ஆஸ்பத்திரியில் முதல் குழு: சிகிச்சை தரும் மருத்துவரும், அந்தத் துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும். அடுத்து இரண்டாவது குழு: தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் வேறு இரண்டு நிபுணர்களும். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்வது விரும்பத்தக்கது. பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்துவிட்டு நிறுத்தலாம். மாஜிஸ்திரேட் இந்த இடத்தில்தான் வருகிறார், கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லை. குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

கருணைக்கொலை என்ற சொல்லை வட்டத்தில் யாராவது போட்டுக் குழப்பினால் இதைச் சொல்லுங்கள்: ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம். பயன் தராத சிகிச்சையை நிறுத்தி, வலி இல்லாமல் பார்த்துக்கொண்டு, நோய் போகிற போக்கில் விடுவது அனுமதிக்கப்பட்டது. சொத்துக்கு எழுதும் உயில் முற்றிலும் வேறு காகிதம். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், உயிலைப் பிரித்துப் பார்க்கும்போது ஆள் போயே போயிருப்பார்.

இவ்வளவையும் கூட்டத்தில் சொல்லச் சொல்லவில்லை. 'முடியும், நோட்டரி போதும், விவரம் வேண்டியவர்கள் கூட்டம் முடிந்து கேளுங்கள்' என்ற ஒரு வரிதான் வட்டத்துக்கு. வேண்டுமென்றால் ஒரு மாதம் கழித்து வக்கீலை வைத்துத் தனிக் கூட்டம் போடுங்கள். அதற்கு மைக் வைக்கலாம், பொன்னாடையும் போர்த்தலாம், தலைவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

---

இரவுப்பணி எழுதியது:

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கண்தானம், உடல்தானம் பற்றியும் கேட்பார்கள். படிவம் விநியோகிக்காதீர்கள், அது ஒரு முடிவை நோக்கித் தள்ளுவது. ஆனால் தவறான தகவல் வட்டத்தில் சுற்றினால் திருத்தலாம். கண் எடுக்க ஆறு மணி நேரத்துக்குள் ஆள் வந்தாக வேண்டும். அதுவரை இமையை மூடி மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். கண் கொடுத்த பிறகும் மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுக்கலாம். பிரேதப் பரிசோதனை செய்த உடலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உறுதிமொழி அட்டை பர்ஸில் இருந்தாலும் அந்த நேரத்தில் வீட்டார் சம்மதம் சொல்ல வேண்டும். அட்டை வாங்கியவர் அதை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார், பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

---

சுக்குக்காப்பி எழுதியது:

பேச்சை எதைக் கொண்டு தொடங்குவது என்பதை முதலில் எழுத மறந்துவிட்டேன். அதுதான் பாதி வேலை.

'சாவைக் கண்டு பயமா?' என்று தொடங்காதீர்கள். 'பிறந்தவன் இறந்துதானே ஆகணும்' என்று ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொல்லி முடித்துவிடுவார்கள். சொற்களிலிருந்து தொடங்குங்கள். 'உங்க வீட்டுல ஒருத்தர் இறந்தா என்ன வார்த்தையில சொல்வீங்க?' காலமானார், தவறிட்டார், போய்ச் சேர்ந்துட்டார், இயற்கை எய்தினார், சிவலோக பதவி, கர்த்தருக்குள் நித்திரை, மௌத்தாயிட்டார் என்று ஆளுக்கொன்று வரும். யாருக்கும் வலிக்காத கேள்வி, எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்வி. குழந்தைகளிடம் என்ன சொன்னோம் என்பதற்கு அங்கிருந்து தானாகவே போகும்.

அடுத்து வைத்துக்கொள்ள மூன்று நான்கு போதும். கடைசி நாட்களில் வீட்டில் இருக்க விருப்பமா, ஆஸ்பத்திரியிலா? உங்களுக்கு நோய் முற்றிவிட்டது என்றால் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டுமா, பிள்ளைகளிடமா? இந்தக் கேள்வியில் அரை மணி நேரம் போகும், ஏனென்றால் நம் ஊரில் நோயாளிக்கு மட்டும் சொல்லாமல் வீடே சேர்ந்து மறைப்பது வழக்கம். உங்களுக்குச் செய்யக் கூடாத சடங்கு எது? கேள்விகளை அட்டையில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் அட்டையைத் தொடவே வேண்டாம்.

கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: 'உங்க பக்கம் என்ன வழக்கம்?' புதைப்பதா எரிப்பதா, எத்தனையாம் நாள் காரியம், எந்தச் சுடுகாடு, யார் பறையடிப்பது என்று அடுத்தடுத்துப் போனால் மூன்றாவது பதிலில் சாதி தெரிந்துவிடும். சாவிலும் தனித்தனிச் சுடுகாடு வைத்திருக்கிற ஊர் நம்முடையது. ஒருவர் தானாக அதைப் பேசினால் தடுக்காதீர்கள், அது சாவைப் பற்றிய பேச்சுதான், சொல்லப்போனால் முக்கியமான பேச்சு. நீங்களாகத் தோண்டக் கூடாது, அவ்வளவுதான்.

பெண்களுக்கு ஒரு வட்டம் தனியாக வைக்கலாமா என்று யோசியுங்கள். வாசலில் 'பெண்கள் மட்டும் வட்டம், விருப்பமுள்ளவர்கள்' என்று ஒரு சீட்டு கூடுதலாக இருந்தால் போதும். பூவும் பொட்டும் எடுக்கிற சடங்கைப் பற்றி, சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று வாசலோடு நிறுத்துவதைப் பற்றி ஆண்கள் இருக்கும் வட்டத்தில் 'ஆமா, அது வழக்கம்' என்று ஒரு வரியில் முடிப்பவர்கள், அங்கே நிறுத்தாமல் பேசுவார்கள்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் 'ஐயா, போதும்' என்று சொல்ல முடியாது, வயதில் பெரியவராக இருப்பார். அவர் கடைசியாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 'ஐயா தனியாப் போகக் கூடாதுன்னு சொன்னாங்க, உங்களுக்கு எப்படித் தோணுதும்மா?' மரியாதையும் கெடாது, பேச்சும் நகரும். அப்படியும் நிற்காவிட்டால் டீ கொண்டுவரச் சொல்லுங்கள். ஆவி, மறுபிறவி அனுபவம் ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் கேளுங்கள், அதற்கு அடியில் பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும். ஆனால் இரண்டாவது பேய் வந்ததும் அட்டையைத் திருப்பிவிடுங்கள்.

முடிக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வதில்லை, பேசாமல் எழுந்து நடந்துவிடுவோம். இங்கேயும் சிலர் பழக்கத்தில் அப்படியே நழுவுவார்கள், அதோடு கனமும் கூடவே வீட்டுக்குப் போகும். கடைசி வட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும், பிறகு எல்லோரும் சத்தமாக 'போயிட்டு வர்றோம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். 'வீட்டுக்குப் போய்க் குளிக்கணுமா?' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வெயிலுக்குக் குளிக்கலாம் என்று சொல்லுங்கள்.

---

உறையூர்க்காரன் எழுதியது:

அறிவிப்பு எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

'சாவைப் பற்றிப் பேசலாம், வாங்க. சொற்பொழிவு இல்லை, அறிவுரை இல்லை, விற்பனை இல்லை. டீயும் சுண்டலும் உண்டு. பேசலாம், பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். ஞாயிறு காலை 10 முதல் 12 வரை, நூலகக் கீழ்த்தளம். 20 பேருக்குத்தான் இடம், முன்கூட்டியே போன் செய்யுங்கள்.'

நடுவில் ஒரு அகல்விளக்குப் படம் போடலாமா?

---

எதிர்வீட்டு ஜன்னல் எழுதியது:

வாசகம் நன்றாக இருக்கிறது. '18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கீழ்த்தளம் என்று போட்டது நல்லது, முட்டிவலிக்காரர்கள் தைரியமாக வருவார்கள். கைப்பிடி உள்ள நாற்காலி ஐந்தாறாவது வாங்கி வையுங்கள்.

விளக்கு வேண்டாம். விளக்கு, மாலை, பூ எது போட்டாலும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து 'எப்போ எடுக்கிறாங்க?' என்று போன் வரும். ஊர்ச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிற இடத்தில் உங்கள் தாள் அந்த ஜாடையிலேயே இருக்கக் கூடாது. மஞ்சளோ இளம்பச்சையோ தாள், வெறும் எழுத்து, டீக் கிளாஸ் படம் வேண்டுமானால் போடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். 'சாவு' என்ற சொல்லைப் பார்த்ததும் டிசைன் செய்யும் தம்பி தானாகவே சுற்றிலும் கறுப்புக் கரை கட்டி, மூலையில் இரண்டு சொட்டுக் கண்ணீரும் வைத்துவிடுவார்.